சும்மா வரும் கைகளுக்கு அகழாய்வுக் குழியில் இடமுண்டா?

2015 மார்ச்சில் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய இடுகாட்டைத் தோண்ட ஆரம்பித்தார்கள். பெட்லம் இடுகாடு என்று அதற்குப் பெயர். 1569இல் திறக்கப்பட்டது. மனநோயாளிகளுக்கான பெத்லம் மருத்துவமனை அருகில் இருந்ததால் வந்த பெயர். கிராஸ்ரெயில் என்ற புதிய ரயில் பாதைக்கான டிக்கெட் கூடம் சரியாக அந்த இடத்தில் வரவேண்டியிருந்தது. சுமார் 60 தொல்லியலாளர்கள் வாரத்துக்கு ஆறு நாள் ஷிப்ட் போட்டு வேலை செய்து 3,000க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். குழியில் இறங்கியவர்கள் சம்பளக்காரர்கள். மோலா என்று சுருக்கமாக அழைக்கப்படும் லண்டன் அகழாய்வு நிறுவனம் அவர்களை வேலைக்கு வைத்திருந்தது. பணம் ரயில் திட்டத்தின் கணக்கிலிருந்து வந்தது.

அதே திட்டத்தில் தன்னார்வலர்களும் இருந்தார்கள், 16 பேர். தோண்ட ஆரம்பிப்பதற்கு முன்பே அவர்கள் வேலை நடந்தது. லண்டன் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து 16, 17ஆம் நூற்றாண்டு தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி, 'பெட்லமில் புதைக்கப்பட்டார்' என்று எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் பெயர்த்தெழுதினார்கள். 5,000க்கும் மேற்பட்ட பெயர்கள் தேறின. 1628இல் தெருக்கூட்டத்தால் கல்லால் அடித்துக் கொல்லப்பட்ட ஜான் லாம்ப் என்ற சோதிடரும் அதில் ஒருவர். மறுவருடம், அங்கிருந்து எடுத்த சில பற்களில் பிளேக் கிருமியின் டி.என்.ஏ. அகப்பட்டபோது, அந்த மண்ணில் எந்தக் காலத்தில் யார் யார் புதைந்தார்கள் என்று சொல்ல ஒரு பெயர்ப் பட்டியல் கையில் இருந்தது.

வேலை பிரிந்திருந்த விதத்தைக் கவனியுங்கள். மண் சம்பளக்காரருக்கு, காகிதம் தன்னார்வலருக்கு. தன்னார்வலர்களுக்குத் தோண்டத் தெரியாது என்பதால் அப்படிப் பிரிக்கவில்லை. பிரிட்டனில் ஓய்வுக்குப் பிறகும் முப்பது வருஷமாக வார இறுதிகளில் தோண்டிவரும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிரிவு வேறெங்கோ விழுகிறது. அது எங்கே விழுகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப் பார்க்கிறது.

முதலில் வணிகத் தொல்லியல் என்ற ஏற்பாட்டைப் பார்த்துவிடலாம். நம் ஊரில் அகழாய்வு என்றால் மத்திய தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறை, மிஞ்சிப்போனால் ஒரு பல்கலைக்கழகம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் மாநில அரசே மண்ணைத் தொட முடியாது. கீழடியிலோ சிவகளையிலோ குழி வெட்டுவது ஆராய்ச்சிக்காக. செலவு அரசுக் கஜானாவிலிருந்து. பிரிட்டனில் நடக்கும் அகழாய்வுகளில் மிகப் பெரும்பான்மை அப்படியல்ல. அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு குடியிருப்பு வளாகம், ஒரு பைபாஸ் சாலை வரப்போகிறது. அதனால் அழியப்போகிற பழைய தடயங்களை அதற்கு முன்னால் பதிவுசெய்ய வேண்டும். அதற்கான செலவைக் கட்டுகிறவரே ஏற்க வேண்டும். அந்த வேலையை டெண்டர் எடுத்துச் செய்ய நிறுவனங்கள் இருக்கின்றன. மோலா, வெசெக்ஸ் ஆர்க்கியாலஜி, ஆக்ஸ்போர்டு ஆர்க்கியாலஜி ஆகியவை பெரியவை. நாலைந்து பேர் மட்டும் வேலை செய்யும் சின்ன நிறுவனங்களும் நிறைய.

இந்த ஏற்பாட்டுக்கு வயது முப்பத்தைந்துதான். அதற்கு முன்னால் பிரிட்டிஷ் அகழாய்வு பெருமளவில் தன்னார்வலர்களின் தோளில் நடந்தது. 1934இல் டார்செட் மாவட்டத்தின் மெய்டன் காசில் கோட்டையைத் தோண்டத் தொடங்கிய மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸாவும் மாணவர்களையும் ஆர்வலர்களையும் கூட்டமாகச் சேர்த்தார்கள். பார்க்க வந்த பொதுமக்களுக்கு போஸ்ட்கார்டும், அங்கே குவியல் குவியலாகக் கிடைத்த கவண் கற்களும் விற்றுக் காசு பார்த்தார்கள். (இன்றைக்கு ஒருவர் அப்படிச் செய்தால் அன்றே வேலை போய்விடும்.) இதே வீலர்தான் பிறகு இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்து 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். கீழடிப் படங்களில் சதுரம் சதுரமாகக் குழிகளும் நடுவில் வெட்டாமல் விட்ட மண்வரப்புகளும் தெரியுமே, அந்த முறை அவர் வழியாக நமக்கு வந்தது. பிரிட்டனில் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

கைவிட்ட கதையிலும் தன்னார்வலர்கள் வருகிறார்கள். 1961இலிருந்து 1971 வரை மார்ட்டின் பிடில் வின்செஸ்டர் நகரில் நடத்திய அகழாய்வுக்குக் கோடைதோறும் பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வந்தார்கள். வரப்பு விடாமல் பரப்பு முழுவதையும் ஒன்றாகத் திறந்து தோண்டும் முறை அங்கே வளர்ந்தது. அப்படித் தோண்டியதில் ஆயிரக்கணக்கான மண்ணடுக்குகள். எது முந்தியது, எது பிந்தியது என்று ஒழுங்குபடுத்த முடியாமல் குறிப்பேடுகள் மலைத்துப்போக வைத்தன. 1973இல் அந்தக் குறிப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எட்வர்ட் ஹாரிஸ், ஒவ்வொரு அடுக்கையும் ஒரு பெட்டியாகப் போட்டு, மேலே எது, கீழே எது என்று கோடிழுத்து இணைக்கும் வரைபடத்தைக் கண்டுபிடித்தார். ஹாரிஸ் மேட்ரிக்ஸ் என்று உலகம் முழுவதும் இன்று பயன்படுத்துகிறார்கள். வணிக நிறுவனங்கள் 'எங்கள் தரம்' என்று காட்டும் பதிவுமுறைக்கு முதுகெலும்பே அதுதான். தன்னார்வலர்கள் தோண்டிய குழியிலிருந்து பிறந்த முதுகெலும்பு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சட்டன் ஹூவில் 1939இல் ஏழாம் நூற்றாண்டுக் கப்பல் கல்லறையைக் கண்டெடுத்த பேசில் பிரவுனுக்குப் பட்டம் கிடையாது. சொந்தமாகப் படித்துத் தேறியவர், கூலி வாங்கிக்கொண்டு தோண்டியவர். கப்பலின் மரம் முழுவதும் மக்கி மண்ணாகிவிட்டது; வரிசையாக இரும்பு ஆணிகள் மட்டும் மிச்சம். ஆணிகளை இடம் பெயர்க்காமல், மண்ணில் பதிந்திருந்த கப்பலின் வடிவத்தை அப்படியே வெளியே கொண்டுவந்தார். விஷயம் பெரிது என்று தெரிந்ததும் பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். அவரைத் தொழில்முறையாளர் என்பதா, அமெச்சூர் என்பதா? சம்பளத்தை வைத்துப் பார்த்தால் ஒரு விடை, பட்டத்தை வைத்துப் பார்த்தால் இன்னொரு விடை, கையை வைத்துப் பார்த்தால் கேள்வியே எழாது.

1960களின் கடைசியில் மோட்டார் சாலைகளும் நகர மையக் கட்டுமானங்களும் புயல்வேகத்தில் வந்தபோது, அழிவதற்கு முன்னால் ஓடிப்போய்ப் பதிவுசெய்யும் 'மீட்பு அகழாய்வு' பெருகியது. 1971இல் ரெஸ்க்யூ என்ற அமைப்பு இதற்காகவே உருவானது. ஊர் ஊராக அலைந்து தோண்டும் இளைஞர் கூட்டமொன்று அந்தக் காலத்தில் இருந்தது. அவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் தினப்படி கொடுத்தார்கள். கணக்கில் அவர்கள் பெயர் 'தன்னார்வலர்'. காசு வாங்கும் தன்னார்வலர்! அடுத்து 1980களில் வேலையில்லாதோருக்கான அரசுத் திட்டத்தின் கீழ், மேன்பவர் சர்வீசஸ் கமிஷன் பணத்தில், ஆயிரக்கணக்கானோர் அகழாய்வுகளில் சேர்க்கப்பட்டார்கள். அந்தத் திட்டம் 1988இல் முடிந்தது. ஆட்கள் போனார்கள், பணமும் போனது. கட்டுமானம் மட்டும் நிற்கவில்லை.

மறுவருடம் லண்டனில் ரோஸ் நாடக அரங்கம் தலைகாட்டியது. 1587இல் கட்டப்பட்டு, ஷேக்ஸ்பியர், மார்லோ நாடகங்கள் அரங்கேறிய இடம். அலுவலகக் கட்டடம் ஒன்று கட்டுவதற்கு முன்னால் நடந்த அகழாய்வில் தரையோடு வெளிப்பட்டது. ஹேசல் கொட்டை ஓடுகள் கலந்து இறுகிய தரை. கட்டுமான நிறுவனம் தானாகப் பணமும் அவகாசமும் கொடுத்திருந்தது. சட்டப்படி அதற்கு மேல் அதைக் கட்டாயப்படுத்த வழியில்லை. நடிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். சாகும் தறுவாயில் இருந்த லாரன்ஸ் ஒலிவியர்கூடக் குரல் கொடுத்தார். கடைசியில் கட்டடத்தின் வரைபடத்தை மாற்றி, அரங்கின் மிச்சத்தை அடியில் மூடிப் பாதுகாத்தார்கள். அரசுக்குப் பெரிய தலைவலி. கட்டுமான நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய செலவு. எதிர்பாராத செலவைவிட எதிர்பார்த்த செலவு மேல் என்று இரண்டு தரப்புக்கும் புரிந்தது.

1990 நவம்பரில் வந்த பிபிஜி 16 என்ற திட்ட வழிகாட்டிக் குறிப்பு அதன் விளைவு. இங்கிலாந்துக்கான அந்தச் சின்ன ஆவணம் சொன்னது இதுதான்: கட்டட அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் புதைந்த தடயங்களையும் உள்ளாட்சி கணக்கில் எடுக்க வேண்டும், முடிந்தால் அவற்றை அப்படியே விட்டுவைக்க வேண்டும், முடியாவிட்டால் அழிவதற்கு முன் பதிவுசெய்ய வேண்டும், அந்தச் செலவு கட்டுகிறவருடையது. 2010இலும் 2012இலும் அந்த ஆவணத்தின் இடத்தில் வேறு ஆவணங்கள் வந்தன. ஏற்பாடு மாறவில்லை.

நடைமுறை இப்படி. முதலில் பழைய வரைபடங்களையும் பதிவுகளையும் பார்த்து ஒரு மேசை ஆய்வு. பிறகு சோதனைக் குழிகள். வழக்கமாக நிலப்பரப்பில் 2 முதல் 5 சதவீதம். ஏதாவது அகப்பட்டால் முழு அகழாய்வு. மாவட்ட நிர்வாகத்தின் தொல்லியல் ஆலோசகர் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று சொல்கிறார். அதற்கு எப்படி வேலை செய்வோம் என்று ஒப்பந்ததாரர் எழுத்தில் திட்டம் கொடுக்கிறார். அது ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகுதான் ஜே.சி.பி. வருகிறது. பல்லில்லாத பக்கெட் மாட்டிய ஜே.சி.பி. மேல்மண்ணைச் சீவச் சீவ, முன்னால் ஒரு தொல்லியலாளர் நின்று மண்ணின் நிறம் மாறும் இடத்தில் கையை உயர்த்துகிறார்.

அதற்குப் பிறகு கைவேலை. வெளிர்மஞ்சள் மண்ணில் ஒரு கரும் வட்டம் தெரிகிறது என்று வையுங்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ வெட்டிய குப்பைக்குழி. பாதியை மட்டும் முதலில் தோண்டுவார்கள். அப்போது வெட்டுமுகத்தில் குழி நிரம்பிய வரிசை தெரியும். குழியை வெட்டிய செயலுக்கு ஓர் எண், அதை நிரப்பிய ஒவ்வொரு மண்ணுக்கும் தனித்தனி எண். எண்ணுக்கு ஒரு தாள். அதில் மண்ணின் நிறம், இறுக்கம், அதில் மணல் எவ்வளவு களி எவ்வளவு, கரித்துண்டு உண்டா, தடிமன், மேலே எது, கீழே எது. 1:20 அளவில் ஒரு தரைப்படம், 1:10 அளவில் ஒரு வெட்டுமுகப்படம், புகைப்படம், உயர மட்ட அளவு. கருகிய தானியம் இருக்கலாம் என்று தோன்றினால் 40 லிட்டர் மண் பக்கெட்டுகளில் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அப்புறம் மீதிப் பாதியைத் தோண்டுவார்கள். தோண்டி முடித்ததும் குழி இல்லை; தாள் மட்டும் இருக்கிறது. மறுநாள் அந்த இடத்தில் கான்கிரீட்.

தரம் என்ற பேச்சு வரும்போது இந்தத் தாள்தான் என் நினைவுக்கு வருகிறது. ஆராய்ச்சி அகழாய்வில் தப்பு செய்தால் பக்கத்தில் வெட்டாத மண் இருக்கும். அடுத்த தலைமுறை வந்து சரிபார்க்கலாம். வணிக அகழாய்வில் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுவது தாளில் இருப்பது மட்டும். அதனால்தான் இவர்கள் தரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள்.

ஆனால் இந்தத் தரத்துக்குச் சட்டக் காவல் உண்டா என்றால், இங்கிலாந்தில் கிட்டத்தட்ட இல்லை. யார் வேண்டுமானாலும் தன்னைத் தொல்லியலாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக இல்லாதவரை, நிலத்துக்காரர் சம்மதித்தால் தோண்டலாம். மனித எலும்பை எடுக்க மட்டும் நீதி அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். அதுவும் 1857ஆம் ஆண்டின் இடுகாட்டுச் சட்டப்படி. வட அயர்லாந்திலும் அயர்லாந்துக் குடியரசிலும் நிலைமை வேறு. அங்கே அகழாய்வுக்கே உரிமம் வேண்டும். இங்கிலாந்தில் அந்த இடத்தை நிரப்புவது தொல்லியலாளர்களின் தொழில்முறைச் சங்கம் ஒன்று. 1982இல் களத் தொல்லியலாளர் நிறுவனமாகத் தொடங்கி, 2014இல் அரச சாசனம் பெற்று, சிஃபா என்ற பெயரில் இயங்குகிறது. அனுபவத்தையும் திறனையும் பார்த்து மூன்று படிநிலைகளில் உறுப்பினர் தகுதி தருகிறது. நிறுவனங்களை நேரில் வந்து பரிசோதித்துப் பதிவுசெய்கிறது. நடத்தை விதிகளை மீறினால் விசாரிக்கிறது. சேர்வது அவரவர் விருப்பம்.

உரிமம் என்ற பேச்சு ஒருமுறை பெரிய சண்டையைக் கிளப்பியது. 1992இல் மால்டாவின் வல்லெட்டா நகரில் ஐரோப்பிய கவுன்சில் நாடுகள் தொல்லியல் பாதுகாப்புக்கு ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன் மூன்றாவது பிரிவு, அகழாய்வைத் தகுதியும் தனி அனுமதியும் பெற்றவர்களே செய்ய வேண்டும் என்கிறது. பிரிட்டன் 2000இல் அதை ஏற்றபோது உள்ளூர்த் தொல்லியல் கழகங்கள் கொதித்தன. நூறு, நூற்றைம்பது வருஷப் பழமையுள்ள கழகங்கள் அவை. இனி எங்கள் வயலில் நாங்கள் தோண்ட சர்க்காரிடம் சீட்டு வாங்க வேண்டுமா என்று கேட்டார்கள். அப்படி எதுவும் வராது என்று அரசு சமாதானம் சொன்னது, வரவும் இல்லை. ஆனால் அந்தக் கழகங்கள் பயந்தது வேறு வழியில் ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தது. முன்பு உள்ளூர் பில்டரைத் தெரியும். சனி ஞாயிறு வந்து பார்க்கிறோம் என்றால் சரி என்பார். இப்போது அந்த இடத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு, ஹெல்மெட், இன்சூரன்ஸ், கட்டுமானத் தளத்தில் நுழையத் திறன் அட்டை. உள்ளே வேலை செய்கிற நிறுவனம் இருநூறு மைல் தள்ளியிருந்து டெண்டர் எடுத்து வந்தது. அந்த ஊரில் எந்தத் தெருவில் எப்போது ரோமானியக் காசு கிடைத்தது என்று அறிந்தவர் தகரத்துக்கு வெளியே நிற்கிறார்.

பாதுகாப்பு விதிகள் நியாயமானவைதான். ஆனால் உண்மையான தடை அதுவல்ல என்பது என் எண்ணம். ஹெல்மெட்டை யாரும் போட்டுக்கொள்ளலாம். திறன் அட்டைக்கான தேர்வை எழுபது வயதுக்காரர் எழுதித் தேறிவிடலாம். தடை டெண்டரில் இருக்கிறது.

ஒரு வேலைக்கு மூன்று நிறுவனங்கள் விலை சொல்கின்றன. செலவில் பெரும்பகுதி ஆட்களின் சம்பளம். ஒரு நிறுவனம் பத்து பேரில் நாலு பேரைத் தன்னார்வலராகப் போட்டால் அதன் விலை இறங்கும், வேலை அதற்குப் போகும். அடுத்த டெண்டரில் மற்ற இரண்டும் அதையே செய்யும். மூன்றாவது டெண்டரில் அந்த நாலு இடத்துக்குச் சம்பளம் என்ற பேச்சே இருக்காது. லாபம் தொல்லியலுக்கு வராது, கட்டுகிறவருக்குப் போகும். அதனால் சிஃபாவின் நெடுநாளைய நிலைப்பாடு: சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடத்தில் தன்னார்வலரையோ மாணவரையோ வைத்துப் போட்டியில் முந்தக் கூடாது. சேர்த்துக்கொண்டால் அவர்களுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் கிடைக்க வேண்டும். வேலையின் தரம் குறையக் கூடாது. தோண்டத் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே இங்கே எழவில்லை. யார் வயிற்றில் அடிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இந்த வயிறு ஏற்கெனவே காய்ந்த வயிறு. பிரிட்டனில் களத் தொல்லியலாளரின் ஆரம்பச் சம்பளம் பட்டதாரிகள் போகும் வேலைகளில் அடிமட்டத்தில் உள்ளது. ஒப்பந்தம் பெரும்பாலும் சில மாதங்களுக்கு. 2008இல் கட்டுமானம் படுத்தபோது தொல்லியலும் கூடவே படுத்தது: 2007-08இல் சுமார் 6,900 பேர் இருந்த தொழிலில் 2012-13இல் சுமார் 4,800 பேர்தான் மிஞ்சினார்கள். அந்த வருடங்களில் வேலை போன ஒருவர், 'தன்னார்வலர்கள் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? பிறகு பெரிய ரயில், சாலைத் திட்டங்கள் வந்ததும் ஆள் கிடைக்காமல் திண்டாடி, 2019இல் பிரிட்டிஷ் அரசு தொல்லியலாளர்களை ஆள் பற்றாக்குறைத் தொழில்களின் விசா பட்டியலில் சேர்த்தது. பற்றாக்குறை வந்தால் சம்பளம் எகிறும் என்று பொருளாதாரப் பாடத்தில் படித்திருப்போம். இங்கே வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தது.

சட்டத்தில் இன்னொரு கோணல் இருக்கிறது. இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. 1998ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், தொண்டு நிறுவனங்களுக்கும் அதுபோன்ற அமைப்புகளுக்கும் உழைக்கும் தன்னார்வலர்களுக்கு விலக்கு தருகிறது. பயணச் செலவும் சாப்பாடும் மாதிரிச் செலவுகளை மட்டும் கொடுத்து வேலை வாங்கலாம். லாப நோக்குள்ள தனியார் நிறுவனத்துக்கு இந்த விலக்கு கிடையாது. நேரம் குறித்து வேலை வாங்கினால் ஊதியம் கொடுத்தாக வேண்டும். இப்போது வேடிக்கையைப் பாருங்கள். மோலா, வெசெக்ஸ், ஆக்ஸ்போர்டு ஆகிய பெரிய அகழாய்வு நிறுவனங்கள் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள். டெண்டரில் அவற்றோடு மோதுகிற சின்ன நிறுவனங்கள் பல சாதாரணக் கம்பெனிகள். ஒரே குழிக்கு விலை சொல்கிற இருவரில் ஒருவருக்குச் சட்டம் தன்னார்வலரை அனுமதிக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. சிஃபாவின் விதி இல்லாவிட்டால் இந்த ஓட்டை எவ்வளவு பெரிதாகும் என்று யோசித்தால், சேர்வது விருப்பம் என்றாலும் அந்த விதியை ஏன் பிடிவாதமாக வைத்திருக்கிறார்கள் என்பது புரியும்.

சரி, அப்படியானால் தன்னார்வலர்களை மொத்தமாக வெளியே வைத்துவிடலாமா? அங்கேதான் இந்த ஏற்பாட்டின் அடிக்கோளாறு தெரிகிறது. கட்டுகிறவர் ஏன் பணம் தர வேண்டும்? எல்லோருக்கும் பொதுவான ஒன்றை அவர் அழிக்கிறார், அதனால். எல்லோருக்கும் பொதுவானது என்றால், அதற்கு ஈடாகக் கிடைக்கும் அறிவும் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திட்டக் கொள்கை, பதிவுகளைப் பொதுமக்கள் அணுகும்படி வைக்க வேண்டும் என்றே சொன்னது. அதற்கு முந்திய வருடம் வந்த சவுத்போர்ட் அறிக்கை இன்னும் ஒரு படி போய், பொதுமக்களைப் பார்வையாளராக மட்டும் வைக்காமல் பங்காளியாக்க வேண்டும் என்றது. நடைமுறையில் பல வேலைகள் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஓர் அறிக்கையாக முடிகின்றன. ஆலோசகர் படிக்கிறார், நிபந்தனை நிறைவேறியது என்று டிக் அடிக்கிறார், முடிந்தது. வீட்டுக்கடியில் என்ன இருந்தது என்று அந்த வீட்டில் குடியேறுகிறவருக்கே தெரியாது.

தன்னார்வலர்கள் நன்றாகப் பொருந்திய இடங்களைப் பார்த்தால் ஒரு பாங்கு தெரிகிறது. தேம்ஸ் நதிக்கரையை எடுத்துக்கொள்வோம். ஓதம் இறங்கி ஆற்றில் நீர் வற்றும் சில மணி நேரம் பழைய படகுத்துறை மரங்களும் மீன்பிடிப் பட்டிகளும் வெளியே தெரியும்; நீரோட்டம் வருஷாவருஷம் அவற்றை அரித்துக்கொண்டு போகிறது. அரிக்கிறது ஆறு, ஆற்றிடம் பில் அனுப்ப முடியாது. 2008இல் தொடங்கிய தேம்ஸ் டிஸ்கவரி திட்டம் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அளவெடுத்து வரையவும் புகைப்படம் எடுக்கவும் வைத்திருக்கிறது. அந்தக் குழுவின் பெயர்ச் சுருக்கம் 'ஃப்ராக்'. சேற்றில் நிற்பவர்கள் தங்களைத் தவளை என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை. அதே இடத்துக்கு மாதத்துக்கு ஒருமுறை, வருஷக்கணக்கில் போய்ப் பார்ப்பதை எந்த டெண்டரிலும் வாங்க முடியாது. சம்பளம் வாங்கும் யாருடைய இடத்தையும் அவர்கள் பிடிக்கவில்லை, ஏனென்றால் அங்கே சம்பளமே இல்லை.

லெஸ்டர் கதை இதைத் தலைகீழாகப் போட்டது. 2012இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகளைத் தேடி ஒரு கார் பார்க்கிங்கைத் தோண்டினார்களே, அந்த வேலையைக் கிளப்பியவர் ஃபிலிப்பா லாங்லி, தொல்லியலாளர் அல்லாதவர். ரிச்சர்ட் மன்னரின் அபிமானிகள் சங்கத்தைச் சேர்ந்தவர். பணம் குறைந்தபோது உலகம் முழுவதிலுமிருந்து அந்தச் சங்கத்து உறுப்பினர்கள் அனுப்பிக் கொடுத்தார்கள். தோண்டியது லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் வணிக அகழாய்வுப் பிரிவு, ரிச்சர்ட் பக்லி தலைமையில். வாடிக்கையாளர் அமெச்சூர், ஒப்பந்ததாரர் தொழில்முறையாளர். ஆகஸ்ட் 25, முதல் நாளிலேயே முதல் குழியில் கால் எலும்பு தெரிந்தது. ஆனால் 'அரசர்தான்' என்று யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. எலும்பை மூடிவைத்துவிட்டு, மற்ற குழிகளை வெட்டி, சுவர்களைப் பார்த்து, இது அங்கே புதைந்திருந்த பழைய தேவாலயத்தின் எந்தப் பகுதி என்று ஊர்ஜிதப்படுத்திக்கொண்டு, மனித எலும்புக்கான உரிமத்தோடு திரும்பி வந்தார்கள். நம்பிக்கை லாங்லியுடையது, நிதானம் அந்தப் பிரிவுடையது. இரண்டில் எது குறைந்திருந்தாலும் 2013 பிப்ரவரி அறிவிப்பு வந்திருக்காது.

அதே 2012இல் தொடங்கிய டிக்வென்ச்சர்ஸ் என்ற நிறுவனம் இன்னொரு வழி காட்டியது. ஃப்ளாக் ஃபென் என்ற வெண்கலக் காலத் தளத்தைத் தோண்டப் பொதுமக்களிடமே இணையத்தில் பணம் திரட்டினார்கள். பணம் கட்டியவர்கள் வந்து தோண்டலாம். பக்கத்தில் தொழில்முறையாளர் நின்று சொல்லிக்கொடுப்பார். சும்மா வந்து உழைப்பதே அதிகம் என்கிறபோது, காசு கொடுத்து உழைப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு இதில் ஒரு நேர்மை தெரிகிறது. தன்னார்வலர் இலவசம் என்பது பெரிய பொய். ஒரு புதியவர் ஒரு குழியைத் தோண்டித் தாளை நிரப்ப, அனுபவசாலி எடுக்கும் நேரத்தைப்போல் மூன்று நாலு மடங்கு ஆகும். அந்த நேரம் முழுக்க ஒரு சம்பளக்காரர் அவர் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். டிக்வென்ச்சர்ஸ் அந்தச் செலவை வெளிப்படையாக வைத்து வசூலிக்கிறது. மற்றவர்கள் அதை எங்கேயாவது ஒளித்துவைக்கிறார்கள், அல்லது மேற்பார்வையைக் குறைத்து ஈடுகட்டுகிறார்கள். பின்னது நடக்கும்போதுதான் தாள் பாழாகிறது; அப்போதும் பழி தன்னார்வலர் மேல் விழுகிறது.

கட்டுமானத் தளத்தின் குழிக்குள், நாள்கணக்குக்கு ஓடும் வேலையில், தன்னார்வலரை விடாமல் இருப்பது சரி என்பதே என் கட்சி. ஆனால் அதே ஒப்பந்தத்தில் அவர்களுக்காகத் தனி வரி இருக்க வேண்டும்: இத்தனை நாள் மேற்பார்வையாளர் சம்பளம், இத்தனை பேருக்குப் பயிற்சி, வேலை முடிந்த பிறகும் தொடர இத்தனை மாதம். உள்ளாட்சி ஆலோசகர் தன் எதிர்பார்ப்பில் அதை எழுதிவிட்டால் எல்லா நிறுவனங்களும் அதற்கும் சேர்த்து விலை சொல்ல வேண்டிவரும். யாரும் யாரையும் கீழே இழுக்க முடியாது. தேசிய லாட்டரி வருமானத்திலிருந்து கிடைக்கும் நிதியை நம்பியிருக்கும் சமூக அகழாய்வுகளைவிட இது நிலையானதும்கூட. எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததுதான். ஒரு வீடு கட்டும் நிறுவனத்தின் வக்கீல், 'தடயங்களைப் பதிவுசெய்வது எங்கள் கடமை, ஊராருக்கு வகுப்பெடுப்பது யார் கடமை?' என்று கேட்பார். நிபந்தனை வளர்ச்சித் திட்டத்தோடு நேரடித் தொடர்புடையதாக, நியாயமானதாக இருக்க வேண்டும் என்று திட்டச் சட்டம் சொல்வதால், அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பலமும் உண்டு.

வேலைக்கோ பஞ்சமில்லை. குழியிலிருந்து வந்த பானை ஓடுகளைக் கழுவ வேண்டும், எண் எழுத வேண்டும், மண்ணை நீரில் அலசி மிதக்கும் கருகிய விதைகளைப் பிரிக்க வேண்டும், 1970களின் பென்சில் குறிப்புகளை ஸ்கேன் செய்து தட்டச்ச வேண்டும். பழைய மீட்பு அகழாய்வுகள் பலவற்றுக்கு அறிக்கையே வரவில்லை. தோண்டியவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள். அட்டைப்பெட்டிகள் அருங்காட்சியகக் கிடங்குகளில் இருக்கின்றன. இடம் போதாமல் பல அருங்காட்சியகங்கள் புதுப் பெட்டிகளை வாங்குவதையே நிறுத்திவிட்டன, வாங்குபவை பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்கின்றன. அந்தப் பழைய பெட்டிகளுக்குப் பணம் தரக் கட்டுமான நிறுவனம் எதுவும் இல்லை. அவை பிபிஜி 16க்கு முந்தியவை. அங்கே யாருடைய சம்பளத்தையும் தொடாமல் நூறு தன்னார்வலர்கள் பத்து வருஷம் உழைக்கலாம். அவர்களுக்கு மேல் ஒரே ஒரு கிடங்கு மேற்பார்வையாளரின் சம்பளம் வேண்டும். உள்ளாட்சிகள் வரவுசெலவைக் குறைக்கும்போது முதலில் கைவைப்பது பெரும்பாலும் அந்தப் பதவியில்தான்.